தொப்பிக்கும் மழைமேகத்துக்கும் பிறந்தது

என் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. தாஹா தீவில் வனிலாவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற பெண்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஒரே காலையில் ஆயிரத்து இருநூறு பூவுக்குப் பண்ணி வைத்து, அத்தனையையும் காய்க்க வைக்கிறவள் நான் ஒருத்திதான். விடியலில் விரிகிற பூ மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் குச்சி முனையால் உள்ளே இருக்கிற மெல்லிய தடுப்பைத் தூக்கி, அந்தப் பூவின் மகரந்தத் தூளை அந்தப் பூவின் மேலேயே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான், அடுத்த பூ. முப்பது வருஷமாக இதே வேலை. தூக்கத்தில்கூட இவள் கட்டைவிரல் அழுத்துகிறது என்று என் புருஷன் புனுவா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தக் கை ஒரே ஒரு பூவில் தப்புச் செய்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

புனுவா பள்ளிக்கூடப் படகு ஓட்டியவன். சர்க்கரை வியாதி அவன் வலது கண்ணைத் தின்று தீர்த்த பிறகு படகை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணுக்குத் தலைநகர் பப்பேத்தேயில் ஆபரேஷன் நடந்தது. காலம் கடந்துவிட்டது, பெரிதாக நம்பாதீர்கள் என்று டாக்டர்கள் முன்னாலேயே சொல்லித்தான் செய்தார்கள். ஆனால் புனுவாவின் மனதில் கத்திதான் கண்ணைக் கெடுத்தது என்று பதிந்துபோயிற்று. மிச்சமிருந்த இடது கண்ணுக்கு எதிர்த்தீவு மலை தெரியும், கையில் இருக்கிற ஊசி தெரியாது.

அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவன் செம்பருத்தி வளர்த்தான். வேலியில் தன்பாட்டுக்கு வளர்கிற சிவப்பு இல்லை. ஒரு செடியின் தூளை இன்னொரு செடியின் பூவில் வைத்து, காய் பிடிக்கவைத்து, விதை எடுத்து நட்டு, உலகத்தில் யாரும் பார்க்காத பூ ஒன்று வருமா என்று ஒன்றரை வருஷம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிற கிறுக்கு. வீட்டைச் சுற்றி நூற்று நாற்பது தொட்டி. எங்கள் ஊர் வழக்கப்படி வாசல் பக்கமே இருக்கிற என் மாமியார் கல்லறையில் நல்ல வெயில் விழுகிறதாம், அதன் மேலும் வரிசையாகத் தொட்டி. உயிரோடு இருந்தபோது தன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாத மனுஷி!

அவனிடம் ஒரு சட்டம் உண்டு. விதையிலிருந்து வந்த செடிக்கு முதல் பூ பூக்கும்வரை பேர் கிடையாது. தாய் பேர், தகப்பன் பேர் எழுதின சீட்டு மட்டும் கழுத்தில் தொங்கும். முதல் பூ விரிகிற அன்று இரண்டில் ஒன்று: பேர், இல்லையென்றால் கத்தி. பூ சுமார் என்றால் முழங்கால் உயரத்தில் வெட்டி, அந்த அடித்தண்டில் வேறு நல்ல செடியை ஒட்டுக் கட்டிவிடுவான். பத்தில் ஒன்பதுக்குக் கத்திதான். கோழியை அறுக்கக் கைநடுங்குகிறவன், இதில் மட்டும் கல்நெஞ்சக்காரன்.

ஆறு வருஷமாக அவனுக்கு ஒரே ஆசை. தொப்பி என்று ஒரு மஞ்சள் செம்பருத்தி வைத்திருந்தான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற தொப்பி அகலத்துக்கு, விளிம்பெல்லாம் சுருக்கம் சுருக்கமாக விரியும். மழைமேகம் என்று இன்னொன்று. அது சின்னப் பூ, புகையும் ஊதாவும் கலந்த நிறம், நடுவில் கருஞ்சிவப்பு. தொப்பியின் அகலத்தில் மழைமேகத்தின் நிறம் வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தொப்பியோ லேசில் காய் பிடிக்காத கழுதை. அவனும் வருஷா வருஷம் முயன்று பார்த்தான். கடைசியில் அந்த ஆகஸ்ட் மாதம் என்னிடம் வந்தான்.

"தூரியா, பூத்தண்டு உச்சியில தூள் வைக்கிற அஞ்சு பொட்டும் எனக்கு மங்கலாத் தெரியுது. உன் கைதான் ராசியான கை. நீ வச்சுக் கொடு" என்றான்.

"வனிலாக் காய் வித்தா சோறு வரும். இது காய்ச்சா என்ன வரும்?"

"பூ வரும்."

"பூவைத் தின்னுவியா?"

"நீ வச்சுக் கொடு, அப்புறம் சண்டை போடலாம்."

தோட்டத்துக்குப் போகிற வண்டி ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் மழைமேகப் பூவை வாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் தொப்பிப் பூவின் நடுத்தண்டைப் பிடித்தேன். தண்டு நெடுகத் தூள், உச்சியில் ஐந்து பொட்டு. மழைமேகத்தின் தூளை அந்தப் பொட்டுகளில் தடவ வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. தடவினேன். சீட்டைக் கட்டினான். வாயெல்லாம் பல்லாக நின்றான். நான் ஓடிப்போய் வண்டியில் ஏறினேன்.

தோட்டத்தில் முப்பதாவது வனிலாவோ நாற்பதாவதோ, கட்டைவிரல் அழுத்தியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே அழுத்து. காலையில் தொப்பியின் தண்டைப் பிடித்தவுடன் என் கட்டைவிரல் பழக்கத்தில் கீழிருந்து மேலே வழித்து, அதன் தூளை அதன் பொட்டிலேயே அப்பியிருக்கிறது. அதற்கு மேல்தான் மழைமேகத்தைத் தடவியிருக்கிறேன். விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் தொப்பியின் மஞ்சள் தூள் அப்படியே இருந்தது. பூவைப் பூவுக்கே கட்டிவைத்துவிட்டேன். தகப்பன் வாசலோடு நின்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் அவன் சீமைப்பலாக்காய் சுட்டுக்கொண்டு பாடுகிறான். எனக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கம், மேலே தடவியதும் கொஞ்சம் ஒட்டியிருக்குமே என்று ஒரு நப்பாசை. இன்னொரு பக்கம், எப்படியும் பத்தில் ஒன்பது கத்திக்குத்தானே போகிறது என்ற அலட்சியம். உள்ளதைச் சொன்னால், வீம்பு. ஆயிரத்து இருநூறு பூக்காரி ஒரு பூவில் கோட்டைவிட்டாள் என்று அவன் வாயால், இல்லை, அவன் பெரியப்பா மகன் விரியாமு வாயால் கேட்க எனக்கு மனசு வரவில்லை. விரியாமுவும் செம்பருத்திக் கிறுக்கன்தான், அடுத்த வீடு. அவனுக்குத் தெரிந்தால் படகுத்துறைவரைக்கும் தெரிந்துவிடும். பேசாமல் இருந்துவிட்டேன்.

காய் பிடித்தது. பிடிக்காதா பின்னே, என் கை. ஏழு வாரம் அதற்குப் பழைய காலுறையைக் கட்டிக் காவல் காத்தான். பதினொரு விதை. ஒவ்வொன்றையும் நகவெட்டியால் கீறி ஊறவைத்து நட்டான். முளைத்தது நான்கு. இரண்டைக் கோழி கிளறியது, ஒன்று வேர் அழுகிப் போனது. மிஞ்சியது ஒரு நோஞ்சான் கன்று. அதன் கழுத்தில் சீட்டு: தொப்பி, மழைமேகம். அந்தச் சீட்டைத் தாண்டி நான் தினமும் போய் வந்தேன், பத்தொன்பது மாதம்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் பார்வையில் புழுக்கள் போலக் கறுப்பு நிழல்கள் மிதக்க ஆரம்பித்தன. எதிர்த்தீவில் இருக்கிற ஊத்துரோவா ஆஸ்பத்திரிக்குப் படகில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற விழித்திரை ஓரத்தில் உரிய ஆரம்பித்துவிட்டது, திங்கட்கிழமை விமானத்தில் பப்பேத்தே போங்கள், ஒவ்வொரு நாளும் கணக்கு என்றார். விமானத்துக்குச் சீட்டும் போட்டுக் கொடுத்தார்.

அந்த நோஞ்சான் கன்றில் அப்போது முதல் மொட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை விரியும் என்று புனுவா கணக்குப் போட்டிருந்தான்.

திங்கட்கிழமை காலையில் பை படகில் ஏறிவிட்டது, ஆள் ஏறவில்லை. மொட்டுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமை போறேன்" என்றான்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? உனக்குக் காதும் போச்சா?"

"அந்தக் கண்ணுக்கும் இப்படித்தான் அவசர அவசரமாக் கூட்டிட்டுப் போனீங்க. என்ன ஆச்சு? இதுவும் அந்த மேசையில போயிடுச்சுன்னா நான் கடைசியாப் பார்க்கிறது ஆஸ்பத்திரிக் கூரையா இருக்கும். நாலு நாள். பார்த்துட்டுப் போறேன். அப்புறம் கண்ணைத் தோண்டி ஊறுகா போடட்டும்."

"பூவைப் பறிச்சு ஐஸ்பெட்டியில வச்சு பப்பேத்தேக்கே கொண்டாறேன்யா."

"கட்டுப் போட்ட கண்ணால பார்க்கவா?"

சத்தம் கேட்டு விரியாமு வேலியைத் தாண்டி வந்தான். "நான் போன்ல படம் புடிச்சு வைக்கிறேன். வந்து பாரு" என்றான்.

"உன் போனுக்கு மழைமேகம் நீலமாத் தெரியும். வாயை மூடு" என்றான் புனுவா.

படகுக்காரன் குரல் கொடுத்தான். இந்த மனுஷன் எதற்காகக் கண்ணைப் பணயம் வைக்கிறான் என்று எனக்கு மட்டும்தானே தெரியும். விரியாமு நின்றால் நிற்கட்டும், படகுத்துறையே கேட்டால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அந்தப் பூவுல மழைமேகம் இல்ல, புனுவா. நான்தான் கெடுத்தேன். வனிலாவுக்கு அழுத்துற மாதிரி தொப்பியோட தூளைத் தொப்பிமேலயே அழுத்திட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரியும். வெறும் தொப்பிப் புள்ள அது. அதுக்காக உக்காராதே. எந்திரிச்சு வா."

விரியாமு குபீரென்று சிரித்தான். "வனிலாக்காரி வனிலா வேலையைக் காட்டிட்டாளா!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

புனுவா திரும்பவே இல்லை. "நல்லா இருக்கு கதை" என்றான்.

"கதை இல்லய்யா. சத்தியமா."

"முப்பது வருஷமா உன் கையைப் பார்க்கிறேன் தூரியா. ஒரு பூ தப்பினதில்ல. என்னை விமானத்துல ஏத்த நீ என்ன வேணா சொல்லுவ. பெத்த தாயே வந்து கூப்பிடறான்னுகூடச் சொல்லுவ. உன் வாயை நம்பமாட்டேன், உன் கையை நம்புவேன்."

நான் அழுதேன், கத்தினேன். பைபிளை எடுத்து வந்து அடித்துச் சொன்னேன். "புருஷனுக்காகப் பொய்ச் சத்தியமும் பண்றியே" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தான், பாவி! பத்தொன்பது மாதம் மூடியிருந்த வாய் திறந்த அன்று அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. படகு போய்விட்டது. பையை மட்டும் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள்.

விரியாமுவை உட்காரவைத்து அவனிடம் கேட்டேன். "இலையைப் பார்த்துச் சொல்லேன். இது தொப்பி இலை மாதிரிதானே இருக்கு? நீ சொன்னா கேப்பான்."

அவன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா ஜாடை இருக்கு. ஆனா இலையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தூரியா. பூத்தாத்தான் தெரியும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கிள்ளிப் போட்டுடு" என்றான்.

அது எனக்கும் தோன்றாமல் இல்லை. நேராகப் புனுவாவிடமே போய், "மொட்டைக் கிள்ளிப் போடப்போறேன்" என்றேன்.

"கிள்ளு. மூணு வாரத்துல அடுத்தது வரும். அதுவரைக்கும் உக்காந்திருப்பேன்" என்றான். என்ன செய்வேன், சொல்லுங்கள். இவன் உட்காருவான் என்று எனக்குத் தெரியும். நான்கு நாளை மூன்று வாரமாக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமை புழுக்கள் சிலந்திவலையாகின. புதன்கிழமை டாக்டரம்மா தொலைபேசியில் என்னைத் திட்டினார். நான் தொலைபேசியை அவன் காதில் வைத்தேன், "வெள்ளிக்கிழமை விமானத்துல வர்றேன்" என்று மரியாதையாகச் சொன்னான். வியாழக்கிழமை பார்வையில் கீழேயிருந்து கறுப்பாக ஒரு திரை ஏறுகிறது என்றான். சாப்பாட்டுத் தட்டு தெரியவில்லை, என் முகம் தெரிகிறது என்றான். அன்று சாயங்காலம் மொட்டின் நுனி பிரிந்து நிறம் காட்டியது. மஞ்சள்.

"இதழோட முதுகுப் பக்கம் அப்படித்தான் இருக்கும். மழைமேகத்துக்கும் முதுகு மஞ்சள்தான்" என்றான். விரியாமுவும் ஆமாம் என்றான். எனக்கே அந்த நேரத்தில் ஆசை வந்துவிட்டது. மேலே தடவியது ஒட்டியிருக்கக் கூடாதா? கடவுளே, ஊதாவாக இரு, நான் சொன்னது பொய்யாகிப் போனாலும் பரவாயில்லை, நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அந்த மொட்டிடம் வேண்டிக்கொண்டேன். பூவிடம் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை சூரியன் வந்ததும் விரிந்தது.

மஞ்சள். சாயம்போன மஞ்சள். தொப்பியின் சுருக்கம் உண்டு, அகலம் இல்லை. என் உள்ளங்கை அளவுகூட இல்லை. ஓர் இதழ் முழுதாகப் பிரியாமல் மடங்கிக் கிடந்தது. ஊதா எங்கே, புகை எங்கே, ஒரு பொட்டுகூடக் கிடையாது.

புனுவா முக்காலியில் இருந்து இறங்கித் தரையில் முட்டிபோட்டான். தலையைத் தாழ்த்தி, திரை மூடாத மேல்பாதிக் கண்ணுக்குப் பூ வரும்படி முகத்தைச் சாய்த்தான். வலது பக்கம் சாய்த்தான், இடது பக்கம் சாய்த்தான். மூக்கு இதழில் இடித்தது.

"விரியாமு" என்றான். "என் கண்ணுதான் அப்படிக் காட்டுதா? உனக்கு என்ன நிறம் தெரியுது?"

விரியாமு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், உள்ளதைச் சொல் என்று.

"மஞ்சள்" என்றான்.

"தொப்பி மஞ்சளா?"

"தொப்பி மஞ்சள்தான். சின்னது."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற விரியாமு அன்று தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். புனுவா எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கத்தியைக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"பை எங்க இருக்கு?" என்றான்.

படகில் ஊத்துரோவா, அங்கிருந்து விமானம். வழி நெடுக அவன் என் முழங்கையைப் பிடித்தபடி வந்தான். கீழே கடலும் பவளப் பாறையும் ஓடின. ஜன்னல் பக்கம் அவனைத்தான் உட்காரவைத்தேன். அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தான். "நீ சொன்னது நிஜம்தான்" என்று ஒரு தடவை சொன்னான்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விளக்கடித்தார். "வெளிச்சம் தெரியுதா?" "இல்ல." "இப்போ?" "இல்ல." மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

வராந்தாவில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். திங்கட்கிழமை விழித்திரையின் ஓரம்தான் உரிந்திருக்க வேண்டும், நடுப்பகுதி ஒட்டியிருந்திருக்கும், அன்றே வந்திருந்தால் காப்பாற்ற வழி இருந்தது, இப்போது முழுவதும் கழன்றுவிட்டது. அவர் யாரையும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் அங்கேயே நின்று அழுதுமுடித்துவிட்டு நேராக உள்ளே போனேன். ஒரு வார்த்தையைக்கூட மறைக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே புனுவாவிடம் சொன்னேன். இனிமேல் எதையும் ஒரு மணி நேரம்கூட எனக்குள் வைத்திருக்க மாட்டேன் என்று எனக்கு வெறியே வந்திருந்தது.

"சரி" என்றான்.

"என்ன சரி? திட்டுய்யா! நாலு வார்த்தை கேளு. ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி கேளு. என் கையாலதானே எல்லாம். இப்படிக் கல்லு மாதிரி படுத்திருந்தா நான் எங்க போவேன்?"

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். புனுவா கையை நீட்டித் துழாவினான். நான் என் கையைக் கொடுத்தேன்.

"கைக்கு எதுக்குத் திட்டு? ஆயிரத்துல ஒண்ணு தவறும். எனக்கும்தான் தவறியிருக்கு. நீ உண்மையைச் சொன்ன, நம்பாம உக்காந்தது நான். அதுக்கு உன்னை என்னன்னு திட்டுவேன்?"

என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு சாதாரணக் குரலில், அடுத்த வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி சொன்னான்:

"நீ தூள் வச்சியே, அதுக்கு மறுநாள் காலையில தொப்பியில இன்னொரு பூ விரிஞ்சுச்சு, தூரியா. முதநாள் பூவைவிடப் பெருசு. மழைமேகத்துலயும் ரெண்டு பூ இருந்துச்சு. நீ காப்பி குடிச்சிட்டிருந்த. உன்னைக் கூப்பிடலாமான்னு நினைச்சேன். ஒரு செடி எதுக்கு ரெண்டு காயைச் சுமக்கணும், அதான் ஒண்ணு நல்லபடியா ஆயிடுச்சேன்னு விட்டுட்டேன். சாயங்காலம்வரைக்கும் அங்கதான் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அப்போ எனக்குப் பூவெல்லாம் நல்லாத் தெரிஞ்சுச்சு."

அதைப் பற்றி அவன் பேசியது அந்த ஒரு தடவைதான்.